275 வாட்டுக்குள் கேமிங்: பழைய ஆப்டிபிளெக்ஸ் 7010-ஐத் தேற்றிய விபரம்

எடுத்துக்கொண்ட பெட்டி டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, மினி டவர், 2012-இல் வந்த மொடல். உள்ளே இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ5-3470 புரொசசர், ஒற்றைத் துண்டாக 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 275 வாட் பவர் சப்ளை. கந்தோர்களில் கழித்துவிட்ட இந்த வகைப் பெட்டிகள் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பாவித்த சாமான் விற்கும் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. 1080 திரையில் நடுத்தர செட்டிங்கில் 60 பிரேம் வர வேண்டும், பவர் சப்ளையில் கை வைக்கக் கூடாது: இவ்வளவுதான் இலக்கு.

விலை எழுதவில்லை. டொலரோடு ஏறி இறங்குகிற விலையை இன்று எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். பங்காகச் சொன்னால், கையில் உள்ள காசில் பாதிக்கு மேல் கிராபிக்ஸ் கார்டுக்கு, கால் பங்கு எஸ்எஸ்டிக்கு, மிச்சம் ரேமுக்கும் சில்லறைச் சாமான்களுக்கும். புரொசசருக்கு இப்போதைக்கு ஒரு சதமும் இல்லை.

கரண்ட் கணக்கு

கடையில் தொங்கும் கிராபிக்ஸ் கார்ட்களைப் பார்க்கப் போகுமுன் இந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும். ஐ5-3470-க்கு 77 வாட். போர்ட், ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 45 வாட். 75 வாட் கார்ட் ஒன்றைச் சேர்த்தால் 197. 275 வாட் சப்ளைக்கு இது மூச்சு விடக்கூடிய அளவு. ஆர்எக்ஸ் 580 போட்டால் அந்தக் கார்ட் மட்டும் 185 வாட், மொத்தம் 307. கிரிப்டோ மைனிங்கில் ஓடிக் கழிந்த 580-கள் மலிவாக வருவதால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இந்தப் பெட்டிக்கு அது சரிவராது.

580-க்கு 8 பின் வயர் வேண்டும். டெல் சப்ளையில் 6 பின்னும் இல்லை, 8 பின்னும் இல்லை. அதற்குக் கடையில் தரும் தீர்வு, சாட்டா பவர் வயரில் இருந்து 8 பின்னுக்கு மாற்றும் சின்ன கனெக்டர். அதை வாங்க வேண்டாம். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின் ஒன்றுக்கு 1.5 அம்பியர், மொத்தம் 4.5 அம்பியர். அதாவது 54 வாட். 8 பின் வழியாகக் கார்ட் 150 வாட் வரை இழுக்கலாம். கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தக் கனெக்டரின் பிளாஸ்டிக் இளகும், கருகும்.

ஆகவே மதர்போர்ட் ஸ்லாட்டில் இருந்தே முழுக் கரண்டையும் எடுக்கும் கார்ட்தான் வேண்டும். ஸ்லாட் தருவது உச்சமாக 75 வாட். அந்த எல்லைக்குள் பார்த்தவை மூன்று.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி. வேலை செய்யும். ஆனால் இந்தத் தலைமுறைக் கார்ட்களுக்கான புதிய கேம் டிரைவர்களை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். மிக மலிவாக வந்தால் ஒழிய வேண்டாம்.

ஆர்எக்ஸ் 6400. 53 வாட் என்பதால் கடைக்காரர் இதைத்தான் முதலில் நீட்டுவார். இந்தக் கார்ட் ஸ்லாட்டின் 16 லேனில் (தரவு போகும் பாதைகளில்) 4-ஐ மட்டுமே பாவிக்கும். ஸ்லாட்டின் வேகத் தலைமுறை பிசிஐஇ 4.0 ஆக உள்ள போர்டில் அது போதும். 3.0 உள்ள இந்தப் போர்டில் வேகம் பாதியாகும். பெட்டிக்குள் இரண்டாம் தலைமுறை ஐ5-2400 இருந்தால் ஸ்லாட் 2.0 ஆக இறங்கி, அந்தப் பாதியும் பாதியாகும். கார்டின் 4 ஜிபி மெமரி நிறையும் நேரத்தில் இது நேரே தெரியும், படம் விட்டு விட்டு ஓடும். வீடியோ பதியும் என்கோடரும் இதில் இல்லை. புதுப் பெட்டிக்குக் குறை சொல்ல முடியாத கார்ட், இங்கே பொருந்தாது.

ஜிடிஎக்ஸ் 1650, 75 வாட், 16 லேன். எடுத்தது இதை. ஒரே கவனம், கம்பனிகள் சில 1650-இலும் 6 பின் துளை வைத்திருக்கின்றன. கார்டின் மேல் விளிம்பைப் பார்த்து, துளை இல்லாத ஒற்றை ஃபேன் மொடலைக் கேட்டு வாங்க வேண்டும். ஒற்றை ஃபேன் கார்ட் நீளமும் குறைவு, ஹார்ட் டிஸ்க் தட்டில் முட்டாது. அகலத்தில் இரண்டு ஸ்லாட் பிடிக்கும், பக்கத்து ஸ்லாட் போய்விடும். மெலிந்த கேசிங்கில் வரும் 7010 என்றால் லோ புரொஃபைல் கார்டும் அதற்குரிய குட்டைத் தகடும் தேவை, அது தேடி அலைய வேண்டிய சாமான்.

பாவித்த கார்டைச் சோதிக்கும் முறை

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் எடுத்தாலும் சரி, விளம்பரம் பார்த்துப் பார்சலில் எடுத்தாலும் சரி, முதலில் பின்பக்கத் துளைகளைப் பாருங்கள். 1050 டிஐ என்று சொல்லி நீல விஜிஏ துளையோடு ஒரு கார்ட் வந்தால் அனேகமாக அது 2010, 2011 காலத்துப் பழைய கார்ட். கார்டின் பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளை மாற்றி எழுதிப் புதுப் பெயர் சூட்டியிருப்பார்கள். ஜிபியு-இசட் மென்பொருள் அப்படியான கார்டின் பெயருக்கு முன்னால் போலி என்று காட்டிக் கொடுக்கும். அதே திரையில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் '@' குறிக்குப் பின்னால் 16-உம் 3.0-உம் வர வேண்டும். கார்ட் சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டும், பதற வேண்டாம். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சின்னச் சோதனையை ஓட்டினால் 3.0-க்கு ஏறும்.

பிறகு ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை 15 நிமிடம் ஓட்டுங்கள். திரையில் புள்ளி தெறித்தாலோ கறுத்தாலோ கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. செக்கிங் வாரன்ட்டி ஒரு கிழமையாவது கேளுங்கள்.

1650-இல் அனலொக் வெளியீடு கிடையாது. வீட்டில் பழைய விஜிஏ மொனிட்டர்தான் என்றால் எச்டிஎம்ஐயில் இருந்து விஜிஏக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். உள்ளே சிப் உள்ளதாக இருக்க வேண்டும், வெறும் வயர் படம் தராது. மொனிட்டர் வயரைக் கார்டில் குத்துங்கள். பழக்கத்தில் போர்டில் குத்திவிட்டு, கார்ட் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறைய.

எஸ்எஸ்டியும் பயோஸும்

256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி விண்டோஸுக்கும் அடிக்கடி விளையாடும் ஒன்றிரண்டு கேமுக்கும் போதும். மற்றவை பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்கட்டும். எஸ்எஸ்டியைச் சாட்டா 0 என்று எழுதிய துளையில் குத்த வேண்டும், அது 6 ஜிகாபிட் வேகம். போர்டின் எல்லாத் துளையும் அந்த வேகம் அல்ல.

விண்டோஸ் போடுமுன் எஃப்2 அழுத்தி பயோஸுக்குள் போய், சாட்டா ஒப்பரேஷன் பகுதியில் ரெய்ட் ஒன் (RAID On) என்று இருப்பதை ஏஎச்சிஐ (AHCI) ஆக்க வேண்டும். விண்டோஸ் போட்ட பிறகு மாற்றினால் நீலத் திரையில் நின்றுவிடும். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் எம்எஸ்கன்ஃபிக் வழியாக சேஃப் மோடைத் தெரிவு செய்து, மறு தொடக்கத்தில் பயோஸை மாற்றி, சேஃப் மோடில் ஒரு தரம் திறந்து, பிறகு அதை எடுத்துவிடலாம்.

இதோடு சேர்ந்த பழுது ஒன்று. இந்தப் பெட்டிகளின் போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பற்றரி பெரும்பாலும் செத்தே இருக்கும். பற்றரி செத்தால் நேரம் மட்டும்தான் பிழையாகும் என்று விட்டுவிடுவார்கள். கரண்ட் போய் வந்ததும் பயோஸ் பழைய நிலைக்குத் திரும்பும், சாட்டா மீண்டும் ரெய்ட் ஒன் ஆகும், ஏஎச்சிஐயில் போட்ட விண்டோஸ் திறக்காது. நேற்று இரவு ஓடியது, கரண்ட் கட் ஆகி வந்ததும் எஸ்எஸ்டி போய்விட்டது என்று கொண்டுவந்தால், முதலில் எஃப்2 அழுத்தித் திகதியைப் பாருங்கள். திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருந்தால் எஸ்எஸ்டியில் ஒன்றுமில்லை. பற்றரியை மாற்றி, ஏஎச்சிஐ ஆக்கினால் முடிந்தது.

ரேம்

டிடிஆர்3, 1600, இரண்டு 8 ஜிபி அல்லது நான்கு 4 ஜிபி. இருக்கும் 4 ஜிபியோடு இன்னொரு 4 போட்டு 8 ஆக்குவது குறைந்தபட்சம். சிபியு-இசட் மென்பொருளின் மெமரி பக்கத்தில் டூயல் (இரண்டு துண்டும் சேர்ந்து வேலை செய்வது) என்று வருகிறதா பாருங்கள். சிங்கிள் என்று வந்தால் ஒரு துண்டை அடுத்த துளைக்கு மாற்றுங்கள். வழமைக்கு மாறாக மிக மலிவாக 8 ஜிபி துண்டு கிடைத்தால் ஸ்டிக்கரை வாசியுங்கள். ஏஎம்டிக்கு மட்டும் என்று ஒரு வகை இருக்கிறது, இன்டெல் போர்டில் அது எழும்பவே எழும்பாது.

சூடு, உப்பு, பல்லி

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே அறைச் சூடே 33, 34-இல் நிற்கும். புரொசசருக்கு மேல் உள்ள பேஸ்ட் பத்து வருடம் தாண்டிக் காய்ந்து மாவாகியிருக்கும். கழற்றுமுன் பெட்டியைப் பத்து நிமிடம் ஓட்டிப் பேஸ்டை இளக வையுங்கள். ஓஃப் பண்ணிப் பிளக்கையும் கழற்றிய பிறகு நான்கு திருகாணிகளையும் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, ஹீட்சிங்கை லேசாகத் திருகி எடுங்கள், நேரே மேலே பிடுங்க வேண்டாம். பழையதை ஐசோபுரொபைல் அல்ககோலில் துடைத்து, புதுப் பேஸ்ட் நடுவில் பச்சைப்பயறு அளவு. அதற்கு மேல் வைத்தால் வழியும், குளிராது. கேம் ஓடும்போது 90 பாகையைத் தாண்டினால் ஹீட்சிங் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

ஃபேனை மாற்ற நினைத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். டெல் ஃபேன் 5 பின். சாதாரண 4 பின் ஃபேனுக்குக் கன்வெர்ட்டர் வயர் தேவை. அது இல்லாமல் போட்டால் ஒவ்வொரு முறையும் ஃபேன் பழுது என்று சொல்லி எஃப்1 அழுத்தக் கேட்கும்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருப்பதன் வரி ஒன்றும் உண்டு. கல்லடி, காத்தான்குடி போன்ற கரையோர வீடுகளில் ரேமின் தங்கக் கால்கள் மங்கிப்போகும். பவர் விளக்கு மஞ்சளாக மினுங்கி, திரை வராமல் நிற்கும். பள்ளிக்கூட அழிறப்பரால் கால்களை மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டிப் போட்டால் பெரும்பாலும் எழும்பிவிடும். வாயால் ஊதினால் எச்சிலும் சேரும். கார்டுக்காகக் கழற்றிய பின்பக்கத் தகடுகளில் மிச்சமானவற்றைத் திரும்பப் பூட்டுங்கள். அந்த இடைவெளியால் பல்லி உள்ளே போகும். பவர் சப்ளைக்குள் போய்ச் செத்தால் பல்லியோடு சப்ளையும் போகும்.

சித்திரை இடியும் ஐப்பசி இடியும் தொடங்கினால் பிளக்கை மட்டுமல்ல, ரவுட்டரில் இருந்து வரும் நெட்வேர்க் வயரையும் கழற்றுங்கள். டெலிபோன் கம்பி வழியாக வரும் அடியில் போர்டின் நெட்வேர்க் சிப்தான் முதலில் போகும்.

ஓட்டிப் பார்த்ததில்

ஜிடிஏ 5-இன் பழைய லெகசி பதிப்பு, 1080, ஹை செட்டிங்: 60-இல் பூட்டினால் அனேகமாக அங்கேயே நிற்கிறது. என்விடியா கன்ட்ரோல் பனலில் மெக்ஸ் பிரேம் ரேட்டை 60 என்று வைத்தால் சூடும் குறையும், ஃபேன் சத்தமும் அடங்கும்.

கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வேறு கதை. ஆட்கள் கூடிப் புகைக் குண்டு விழும் இடத்தில் புரொசசர் 100 வீதம், கார்ட் 60 வீதத்தில் சும்மா நிற்கும். அந்த நேரத்தில் ரெசொலூஷனைக் குறைத்துப் பிரயோசனமில்லை, இழுபடுவது நாலு கோர், ஒரே நேரத்தில் நாலு வேலை (திரெட்) மட்டும் பார்க்கும் புரொசசர். பின்னணியில் ஓடும் பிரவுசரை மூடினால் அதைவிடப் பலன் தெரியும்.

வலரன்ட் கேம் விண்டோஸ் 11-இல் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் 2.0 பதிப்பைக் கேட்கும். 7010-இல் உள்ளது 1.2. விண்டோஸ் 10-இல் ஓடும், ஆனால் அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஓடு முடிந்தது. ஏவிஎக்ஸ்2 என்ற புரொசசர் கட்டளைத் தொகுதியைக் கேட்கும் புதுக் கேம்கள் திறக்கவே மாட்டா. அந்த வசதி நாலாம் தலைமுறையில்தான் வந்தது, எந்த டிரைவரும் அதைத் தராது.

அடுத்தது ஐ7-3770. அதே 77 வாட், அதே சொக்கட், எட்டு திரெட். பவர் கணக்கு மாறாது, கவுன்டர் ஸ்ட்ரைக்கில் அந்த இழுவை குறையும். ஆனால் பாவித்த 3770-இன் விலை, ஐ5-4590 போட்ட ஆப்டிபிளெக்ஸ் 7020 பெட்டியின் விலைக்குக் கிட்ட வந்தால் பெட்டியை மாற்றுவதே புத்தி. ரேம், எஸ்எஸ்டி, 1650 மூன்றும் அப்படியே அங்கே குடியேறும், ஏவிஎக்ஸ்2-உம் கிடைக்கும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 7010 மினி டவரில் வழமையான 24 பின் பவர் கனெக்டர், 7020-இல் டெல்லின் சொந்த 8 பின். பின்னொரு நாள் பெரிய சப்ளை போட நினைத்தால் 24-இல் இருந்து 8-க்கு மாற்றும் வயர் ஒன்றையும் சேர்த்துத் தேட வேண்டும்.