மாமாவின் வானுக்குள் 1,900 பாட்டு

மாமாவின் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று இரண்டு மாதமாக என் மேசையில் கிடந்தது. 2003, 2004 வாக்கில் இறுவட்டுகளிலிருந்து அவர் ஏற்றி வைத்த பாட்டுகள், ஏறத்தாழ 1,900. அநேகமாக எல்லாமே டபிள்யூஎம்ஏ என்ற மைக்ரோசொஃப்ட் ஒலி வடிவம், அதுவும் 64 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற கணக்கு, இதுதான் பிட்ரேட்; குறைந்தால் ஃபைலும் சின்னது, தரமும் குறைவு). அந்த நாளில் 40 ஜிபி டிஸ்க்கே பெரிய விஷயம், கிடைத்த இடத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறார். இப்போது அவருடைய வான் வண்டியில் இருக்கிற பாட்டு செட் எம்பி3 மட்டும்தான் வாசிக்கும். "மாத்தி ஒரு பென் ட்ரைவில போட்டுத் தாவன் தம்பி" என்றார். ஒரு இரவு வேலை என்று நானும் தலையாட்டினேன்.

முதல் சனி: எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி மாற்றும் மென்பொருளுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் 320 கேபிபிஎஸ்ஸுக்கு ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் 18 ஜிபி. மூலம் நாலு ஜிபிகூட இல்லை. மாமா தந்ததோ 16 ஜிபி பென் ட்ரைவ்.

சரி, இடம் போனாலும் சத்தமாவது நன்றாக இருக்கிறதா? இல்லை. 64இல் அமுக்கும்போதே காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கணக்குப் போட்டுப் பல பகுதிகளை எறிந்துவிடும். எறிந்தது எறிந்ததுதான். மிச்சமிருப்பதை எம்பி3 தன் முறைப்படி இன்னொரு தடவை கழிக்கும். முதற்பால் பிழிந்து முடித்த தேங்காய்ப்பூவைப் பெரிய சட்டியில் போட்டுப் பிழிகிற கதை.

அடுத்த நாள் ஒரே பாட்டை 64, 128, 192 என்று மூன்றாக மாற்றி ஹெட்போனில் கேட்டேன். 64 எம்பி3 கேட்கவே முடியவில்லை. 128க்கும் 192க்கும் என் காதுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. எனவே 128. நாலு நிமிடப் பாட்டுக்கு நாலு எம்பிக்குச் சற்றுக் குறைவு, மொத்தம் ஏழு ஜிபி சொச்சம்.

இங்கேதான் மடத்தனம் செய்தேன். ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் மேல் எழுதவா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டது தொல்லையாக இருந்தது, எல்லாவற்றுக்கும் ஆம் என்று ஸ்கிரிப்டிலேயே போட்டுவிட்டேன். சில ஃபோல்டர்களில் ஒரே பெயரில் டபிள்யூஎம்ஏவும் நல்ல தரத்தில் ஓர் எம்பி3யும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. 46 நல்ல எம்பி3கள் மேல் என் 128 ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் வேலை செய்தது பிரதியில் என்பதால் தப்பினேன். இப்போது வெளியீடு எப்போதும் வேறு ஃபோல்டருக்குத்தான்.

பென் ட்ரைவைக் கொண்டுபோய் வானில் செருகி, கொழும்பில் காலி வீதி வழியே பம்பலப்பிட்டி வரைக்கும் கேட்டுக்கொண்டே போனோம். சினிமாப் பாட்டுகளுக்கு மாமா ஒன்றும் சொல்லவில்லை. நாதஸ்வரக் கச்சேரி வந்ததும் செட்டை உற்றுப் பார்த்தார். "தம்பி, உது என்ன, தண்ணிக்குள்ள தாளம் போட்ட மாதிரிக் கிடக்கு?"

சரியாகப் பிடித்துவிட்டார். குறைந்த பிட்ரேட்டில் முதலில் அடிபடுவது இந்த மாதிரி உச்ச அதிர்வெண் ஓசைதான். தவில் ஓரளவு தாக்குப்பிடிக்கும், கைத்தாளத்தின் 'ணிங்' கரைந்து சலசலப்பாகிவிடும். அதை எந்த கன்வர்ட்டரும் திருப்பித் தராது. வீட்டுக்குப் போய் அலுமாரியைக் கிளறியதில் அந்தக் கச்சேரிகளின் அசல் இறுவட்டுகள் முப்பதுக்கு மேல் அகப்பட்டன, கீறல் விழுந்தவை நாலுதான். அவற்றைப் புதிதாக ஃப்ளாக் என்ற வடிவத்தில் ஏற்றினேன். ஃப்ளாக்கும் அமுக்கும், ஆனால் ஒன்றையும் எறியாது. இறுவட்டின் 1,411 கேபிபிஎஸ் ஏறத்தாழப் பாதியாகும். அதிலிருந்து வானுக்கு, லேம் என்ற எம்பி3 ஆக்கும் மென்பொருளின் வி2 தர அமைப்பில் எம்பி3, சராசரி 190 கேபிபிஎஸ். தாளம் மறுபடி தாளமாகக் கேட்டது.

(நண்பன் ஒருவன் "எல்லாம் ஃப்ளாக்" என்று பெருமையாகத் தந்த ஃபோல்டரையும், ஓசையின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற மென்பொருளில் திறந்து பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டினாற்போல் ஒரே கறுப்பு. வழக்கமாக அப்படி வெட்டுவது 128 எம்பி3, யாரோ அதை ஃப்ளாக் ஆக்கியிருக்கிறார்கள். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.)

மூன்று வாரம் இழுத்தது சத்தம் அல்ல, பெயர்கள். பழைய பாட்டுகளில் பாதிக்குத் தலைப்பு பாமினி எழுத்துருவில் தட்டியது. பாமினி இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் மொத்தமாகப் போட்டேன். தமிழ்த் தலைப்புகள் அழகாக வந்தன. கூடவே 'வுசயஉம 01', 'வுசயஉம 02' என்று ஒரு நீண்ட பட்டியலும் வந்தது. என்ன ராகமோ என்று யோசித்துப் பிறகுதான் விளங்கியது: 'ட்ராக்' என்ற ஆங்கிலச் சொல்லையும் பாமினி என்று நினைத்து மாற்றிவிட்டது. கையாலேயே திருத்தினேன்.

வான் செட்டில் தமிழ் எழுத்தே கிடையாது, பெட்டி பெட்டியாகக் காட்டியது. அதற்கென்று ஆங்கில எழுத்தில் பெயர் போட்டால் வெறுமை! பாட்டின் பெயர் முதலியவற்றை ஃபைலுக்குள்ளேயே குறித்து வைக்கும் முறை ஐடி3; எஃப்எஃப்எம்பெக் வழக்கமாக அதன் 2.4 பதிப்பில் எழுதும். இந்தச் செட்டுக்கு 2.3 வேண்டுமாம். அதை மாற்றியதும் பெயர் தெரிந்தது. பாட்டு வரிசையும் ஃபைல்களைப் பிரதி பண்ணிய ஒழுங்கிலேயே வருகிறது, ஆகவே ஆலாபனையை முதலில் பிரதி பண்ணாவிட்டால் பல்லவிக்குப் பிறகு ஆலாபனை.

போன ஞாயிறு மாமி தன் போனை நீட்டினார், "எனக்கும் போட்டுத் தா." போனுக்கு ஓபஸ் என்ற வடிவத்தில் 96 கேபிபிஎஸ் போதும் என்று நினைக்கிறேன், ஆனால் ஃப்ளாக்கில் உள்ளவற்றுக்கு மட்டும். 64இல் கிடப்பவற்றை அப்படியே பிரதி பண்ணி, டபிள்யூஎம்ஏ வாசிக்கிற ஒரு ப்ளேயரைப் போட்டுக் கொடுக்கப் போகிறேன்.