குறுக்குத்துறையில் ஒரு கிளிங்கன் வரி

மூன்று மாதம் மல்லுக்கட்டி நான் எழுதி முடித்தது ஒரே வரி. ஆறு சொல். அந்த ஆறில் ஒரு சொல்லுக்குப் பொருளே 'ஆறு'தான். ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. எப்படி எழுதினேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கிளிங்கன், ஸ்டார் ட்ரெக் கதைகளில் வரும் ஒரு முரட்டு வேற்றுக்கிரக இனத்தின் மொழி. 1984இல் வந்த மூன்றாவது படத்துக்காக மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் இதற்கு இலக்கணம் கட்டினார். அடுத்த வருடம் அகராதியும் வந்துவிட்டது. அவர் முனைவர் பட்டம் வாங்கியது கலிபோர்னியாவின் பூர்வகுடி மொழிகளில் ஒன்றான முட்சுனை ஆராய்ந்து. அதனால் உறுமலையும் கனைப்பையும் சேர்த்து ஒப்பேற்றிய மொழி என்று இதை நினைத்துவிட வேண்டாம். 2018இல் மொழி கற்றுத்தரும் டுவோலிங்கோ செயலியில் பாடம் வந்ததும், பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் நடுவே பஸ்ஸில் போகும் நேரத்தில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். பாடங்கள் சீக்கிரமே அலுத்துவிட்டன. அகராதியின் முன்பகுதியில் இருக்கும் இலக்கணம் அலுக்கவில்லை.

எழுத நினைத்த விஷயம் எளிது. குறுக்குத்துறையில் பெரியப்பா வீடு. காலையில் படித்துறைக்கு இறங்கினால் கரை நெடுக, துணி வெளுக்கிற கைகள்தான் முதலில் கண்ணில் படும், ஆட்கள் அப்புறம்தான். அந்தக் கைகளைப் பழைய ஆறு பார்க்கிறது, அவ்வளவுதான். தாமிரபரணி என்று பேர்கூடப் போடவில்லை.

கிளிங்கனில் செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில். ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் இதற்குத்தான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நமக்கு "சோத்தைத் தின்னுட்டான் மாடசாமி" என்பது தினப்படி பேச்சு. இதெல்லாம் ஒரு விஷயமா என்று இருந்தேன். அந்தத் தெம்பில்தான் முதல் அடி விழுந்தது. தமிழில் 'ஐ' உருபு இருப்பதால் சொற்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் பொருள் தப்பிக்கும். கிளிங்கனில் எழுவாய்க்கும் உருபு இல்லை, செயப்படுபொருளுக்கும் இல்லை. சொல் நிற்கும் இடம்தான் உருபு. 'புக் லெக் யாஷ்' என்றால் குழந்தையைப் பார்க்கிறார் அதிகாரி. 'யாஷ் லெக் புக்' என்றால் அதிகாரியைப் பார்க்கிறது குழந்தை. ஓசை நன்றாக இருக்கிறதே என்று என் முதல் வரைவில் ஆற்றை முன்னால் கொண்டுவந்தேன். கைகள் வேலையை விட்டுவிட்டு ஆற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

ஓசை என்றதும் இன்னொன்று. யார் செய்கிறார், யாரை என்பதை வினைக்கு முன்னால் ஓர் ஒட்டு சொல்லிவிடும். ஜியித், ஜிஷுவ், ஜிஹெக்: நடக்கிறேன், சண்டை போடுகிறேன், சாகிறேன். மோனை ஓசியிலேயே கிடைக்கிறது. ஓசியில் கிடைப்பதற்கு மதிப்பு இல்லை என்பதால் எதுகையைத் தேடி ஒரு வாரம் அலைந்தேன். பிறகு அந்த ஆசையை விட்டேன்.

'துணி வெளுக்கிற கைகள்' என்பதில்தான் எனக்கு உண்மையான சந்தோஷம். ஷுத் துணி. ஷை என்பது சுத்தமாக இருப்பது. மோஹ் சேர்த்தால் சுத்தமாக்குவது. அதன்மேல் போக் சேர்த்தால் சுத்தமாக்குகிற. கோப் கை. 'ஷுத் ஷைமோஹ்போக் கோப்.' துணி, வெளுக்கிற, கை. நம் பெயரெச்சத் தொடர் எந்த வரிசையில் நிற்கிறதோ அதே வரிசை! பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

இந்த மொழியில் பல வருடம் பழகிய நண்பர் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருக்கு அனுப்பினேன். ஒரே எழுத்தைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினார்: 'லு'. பல கைகள் ஒரு துணியை வெளுத்தால் வினைக்கு முன்னால் லு வந்தாக வேண்டும். ஒட்டுகளை விட்டுச் சுருக்கிப் பேசுவதும் உண்டே, இலக்கணத்திலேயே இருக்கிறதே என்று வாதாடிப் பார்த்தேன். அது படைவீரர்கள் அவசரத்தில் பேசுவது, உன் படித்துறையில் என்ன அவசரம் என்று கேட்டார். சரிதான்.

அடுத்து, கையைப் பன்மையாக்க வேண்டும். இங்கேதான் பெரியப்பா உள்ளே வந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நான் திண்ணையில் உட்கார்ந்து உச்சரிப்பு பழகும்போதெல்லாம் "என்னட்டி, தொண்டையில சளியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், அன்றைக்கு நோட்டை வாங்கிப் பார்த்தார்.

கிளிங்கனில் பன்மை விகுதி மூன்று. மொழி பேசத் தெரிந்தவர்களுக்குப் பு, உடல் உறுப்புக்கு டு, மற்றதுக்கெல்லாம் மெய். முதல் இரண்டும் தொண்டையில் சட்டென்று வெட்டி நிற்கும். நான் சொல்லி முடிக்குமுன்னே பெரியப்பா, "உயர்திணை, அஃறிணைன்னு சொல்லேன்" என்றார். "நன்னூலார் மக்களோட தேவரையும் நரகரையும் உயர்திணையில சேத்தாரு. இவன் வேத்துக்கிரகத்தானையும் சேத்திருக்கான்."

'என்' என்று சொல்வதிலும் இந்தப் பிரிவு உண்டு. பேசத் தெரிந்தவருக்கு ஒரு விகுதி, பொருளுக்கு வேறு. குழந்தைக்குப் பொருளின் விகுதியைப் போட்டாலும் இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் இழிவாகப் பேசுவதாக ஆகும் என்று ஓக்ராண்ட் எச்சரிக்கிறார். தலைவரை அப்படிச் சொன்னால் கேட்கவே வேண்டாம். பெரியப்பா துள்ளிவிட்டார். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு இந்த ஐந்தினாலும் திணை மயங்கலாம் என்று நன்னூல் சொல்கிறதே, இது ஐந்தாவது என்றார். பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பது முதல் வகை. இலக்கணப் பிழைதான், காரணத்தோடு செய்வதால் வழுவமைதி.

அப்போதுதான், படித்துவிட்டுத் தாண்டிப்போன ஓர் இடம் ஞாபகம் வந்தது. மூக்குத்துளைக்கு ட்லோன் என்று பேர். பன்மை ட்லோன்டு. ஆனால் கிளிங்கன் கவிஞர்கள் வேண்டுமென்றே விதியை மீறி ட்லோன்மெய் என்பார்களாம். அங்கங்கே சிதறிக் கிடக்கும் மூக்குத்துளைகள் என்று பொருள். முதல்முறை படித்தபோது சிரித்தேன். ஆனால் என் படித்துறையில் நான் பார்த்தது வேறென்ன? ஆளோடு சேராமல், கரை நெடுகச் சிதறிக் கிடந்த கைகள். கோப்டு என்பதை அடித்துவிட்டுக் கோப்மெய் என்று எழுதினேன். நண்பர் அதைத் தொடவில்லை.

கடைசிச் சொல்லில் மூன்று வாரம் போனது. குற்றம் என்னுடையதே. பஸ்ஸில் எடுத்த குறிப்பையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். கிளிங்கனில் நம் 'க்' கிடையாது. அதற்கும் கீழே, உள்நாக்கில் ஒட்டிப் பிறக்கும் ஒன்று இருக்கிறது. அதே இடத்தில் காறிக்கொண்டு வரும் இன்னொன்றும் இருக்கிறது. ரோமன் எழுத்தில் சின்னதும் பெரியதுமாகப் பிரித்து எழுதுவார்கள். என் நோட்டில் இரண்டும் 'க்'. ஆற்றுக்கு பிக்திக், இரண்டு இடத்திலும் காறல். 'பழைய' என்பதற்கும் காறலோடு திக். காறாமல் திக் என்றால் 'நீளமான'. பெயர்ச்சொல்லாக வந்தால் 'இதயம்'. நோட்டைப் பார்த்தால் நான் எழுதியது பழைய ஆறா, நீள ஆறா, ஆற்றின் இதயமா என்று எனக்கே தெரியவில்லை. மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். காறல் மூன்று முறை தொடர்ந்து வருவதுதான் பிடித்திருந்தது. கல்லில் தண்ணீர் மோதுகிற மாதிரி. பிக் என்றால் தண்ணீர் என்பதால், ஆறு என்ற சொல்லைப் பிரித்தாலே 'பழைய தண்ணீர்' என்று வந்துவிடுகிறது. இந்தச் சிலேடையைப் பெரியப்பாவிடம் காட்டி வாங்கிய சபாஷ் இன்னும் கையில் இருக்கிறது.

முடிந்த வரி இது: ஷுத் லுஷைமோஹ்போக் கோப்மெய் லெக் பிக்திக் திக்.

பெரியப்பா இரண்டு முறை வாசித்தார். "லெக்னா பாக்குதா, பாத்துச்சா, பாக்குமா?" என்று கேட்டார். மூன்றும்தான் என்றேன். காலம் காட்டும் விகுதியே இந்த மொழியில் இல்லை. நேற்று, நாளை என்று தனிச்சொல் போட்டால் உண்டு.

"அப்ப மொழி பூராவும் வினைத்தொகையா?" என்றார்.

இரண்டாவது வரி இன்னும் பாக்கி. அதில் ஆற்றில் கிடக்கும் எருமைகள் வர வேண்டும். அவற்றுக்கு மெய் போடாமல் பு போட எனக்கு ஆசை. பசுவை அம்மை என்றவர்களுக்கு இது பெரிய தூரமா? நண்பர் ஒப்பவில்லை, உறுப்புகளைச் சிதறடிக்கக் கவிஞருக்கு உரிமை இருக்கிறது, பேசாத மிருகத்துக்குப் பு போட்டால் வெறும் பிழை என்று எழுதிவிட்டார். பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"எருமை பேசாதுன்னு அவியளுக்கு யாருட்டி சொன்னது?" என்றார்.