கோட்டை மான்களும் மாரி மழையும்: படமெடுத்துப் பார்த்த கதை

கண்ணுக்குத் தெரிகிற மழை கமெராவுக்குத் தெரிவதில்லை. திருகோணமலையில் டச்சு வளைகுடாக் கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்துப் பாருங்கள். என்னதான் கொட்டினாலும் படத்தில் மழை இருக்காது. வானமும் சாம்பல், கடலும் சாம்பல், துளியும் அதே நிறம். துளி தெரிய வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் இருட்டு வேண்டும்.

அந்த இருட்டுக்குப் பிரெட்றிக் கோட்டையை விட்டால் எனக்கு வேறு இடமில்லை. கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் பெரிய மரங்கள், கீழே புள்ளிமான்கள். மழைக்கு அவை அவ்வளவாக அசைவதும் இல்லை. மரத்தடியின் கருமைக்கு முன்னால் மழை கோடு கோடாக இறங்கியது. தூரத்திலிருந்து 200 மி.மீ. லென்ஸில் எடுத்தபோது மழை இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது. எனக்கும் மானுக்கும் இடையில் விழுகிற துளிகள் அத்தனையும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன அல்லவா.

ஷட்டர் வேகத்தில்தான், அதாவது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதில்தான், அதிக நேரம் போனது. 2 மி.மீ. அளவான துளி விநாடிக்கு ஏறத்தாழ 6.5 மீற்றர் வேகத்தில் விழும். 1/60 விநாடியில் வைத்தால் அது 11 செ.மீ. நீளக் கோடாகிறது. 1/1000 இல் வெறும் புள்ளி; லென்ஸில் தூசி படிந்த மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. 1/15 க்கு இறங்கினால் கோடுகள் கரைந்து புகைமூட்டமாகிவிடும். நிற்கும் மானுக்கு 1/60 நன்றாகப் பொருந்தியது. மான் தலையை உதறும் கணம் வேண்டுமென்றால் மழையின் கோடுகளை மறந்துவிட்டு வேகத்தைக் கூட்ட வேண்டியதுதான்.

கமெரா நனையாமலிருக்க ஷொப்பிங் பையும் ரப்பர் பான்டும் போதும். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படியும், அவ்வளவுதான் கவனிக்க வேண்டியது.

ஐப்பசிப் பின்னேரங்களின் இடிமழை வேறு வகை. உட்துறைமுகப் பக்கம் மேற்கே பார்த்து நின்றால், முகிலுக்குக் கீழே சூரியன் எட்டிப் பார்க்கும் சில நிமிடங்களில் மழைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வருகிறது. ஒவ்வொரு துளியும் எரிகிறது. மார்கழியின் நாள் முழுக்கச் சிணுங்கும் மழையில் இது கிடைப்பது அருமை.

காத்திருப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1893 பெப்ரவரியில் நியூயோர்க்கின் ஐந்தாம் அவெனியூவில் பனிப்புயலுக்குள் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அல்பிரெட் ஸ்டீக்லிட்ஸ் மூன்று மணித்தியாலம் நின்றுதான் தன் பேர்பெற்ற குதிரைவண்டிப் படத்தை எடுத்தார். பிறகு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார். அவரே வெட்டினார் என்றால் நான் ஏன் கூச்சப்பட? மான் படத்தில் வலப்பக்கம் நின்ற ஓட்டோவை வெட்டிவிட்டேன்.

இரவில் பிளாஷ் போட்டும் பார்த்தேன். கமெராவுக்குக் கிட்ட விழும் துளிகள் குவியம் தப்பி வெள்ளை வட்டங்களாகின்றன; பிளாஷ் மின்னும் நேரம் மிகக் குறைவு என்பதால் கோடும் விழாது. பார்த்தால் அச்சு அசல் ஸ்னோ! உப்புவெளியில் ஸ்னோ கொட்டுகிறது என்று ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளுக்கு அனுப்பினேன். “மச்சான், எங்கட ஸ்னோவை விட இது வெள்ளையாக் கிடக்கு” என்று பதில் வந்தது.

அவள் அனுப்பிய படத்தில் ஸ்னோ உண்மையிலேயே சாம்பலாக இருந்தது. எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது கமெராவின் குணம். நண்பகலில் நிலாவெளி மணலை எடுக்கும்போது எனக்கும் இதே தொல்லை. வெளிச்ச அளவை ஒன்றிலிருந்து இரண்டு படி வரை கூட்டச் சொன்னேன். தொலைபேசித் திரையைத் தொட்டுச் சூரியக் குறியை மேலே இழுத்திருக்கிறாள், வெள்ளை வந்துவிட்டது.

இப்போது அவளுக்குத் தெருவிளக்கின் கீழ் ஸ்னோவும் கோடாக விழ வேண்டுமாம். ஸ்னோ விநாடிக்கு ஒரு மீற்றர் அளவில்தான் இறங்கும், 1/60 இல் 2 செ.மீ. கூட வராது. 1/10 வைத்துப் பார், அதற்கு ட்ரைபோட் வேண்டும் என்று எழுதினேன். வாங்குவதற்குள் பங்குனி வந்துவிடும் என்கிறாள். சரி, விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு எடுக்கட்டும்.