ஆய்வுப் படிவத்தில் இல்லாத கட்டம்

குடலில் தங்கி ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவின் முட்டை நமக்காகக் காத்திருக்காது. மலத்தில் உள்ள புழு முட்டைகளை எண்ணும் கட்டோ-காட்ஸ் முறையில் 41.7 மில்லிகிராம் மலத்தை ஸ்லைடில் பரப்பி, கிளிசரினில் ஊறிய செல்லோபேன் துண்டால் மூடிய பிறகு, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் எண்ணி முடித்துவிட வேண்டும். தாமதித்தால் கிளிசரின் முட்டையின் மெல்லிய ஓட்டுக்குள் ஊடுருவி, முட்டையே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால்தான் ஜவ்வாது மலைக் கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் அங்கன்வாடித் திண்ணையிலேயே மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு உட்காருவேன்.

அங்கே ஒரு நாள் ஐம்பது வயதை நெருங்கிய பெண்மணி ஒருவரின் ஸ்லைடில் நிறைய முட்டைகளைக் கண்டேன். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தபோது உட்புறம் வெளுத்திருந்தது, ரத்தசோகையின் அடையாளம். "பூச்சி சின்னப் புள்ளைங்களுக்குத்தானே சார் வரும்?" என்று அவர் கேட்டார். அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. 2015-இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கே அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை தரப்படுகிறது. தமிழகத்தில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் கொக்கிப்புழுவின் சுமை பெரியவர்களிடமே அதிகம் தங்குகிறது என்பதை என் அனுபவத்திலும் கண்டேன். ஒரு புழு ஒரு நாளில் உறிஞ்சும் ரத்தம் மிகச் சொற்பம்தான். நூறு புழுக்கள் ஆண்டுக்கணக்கில் உறிஞ்சினால் உடம்பு என்னவாகும்?

அவருடைய கால்விரல் இடுக்குகளில் அரிப்பின் தடம் இருந்தது. சேற்றுப்புண் என்று மஞ்சள் பூசியிருந்தார். அவர் வெறுங்காலுடன் களையெடுக்கும் சாமைக் கொல்லையின் ஓரத்தில்தான் ஊரார் வெளிக்குப் போகிறார்கள். ஈர மண்ணில் பொரிக்கும் இளம்புழு தோலைத் துளைத்து, ரத்தத்தோடு நுரையீரல் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. வீட்டுக்குப் பின்னால் 12,000 ரூபாய் மானியத்தில் கட்டிய கழிப்பறை இருக்கத்தான் செய்தது. கதவைத் திறந்தால் விறகு அடுக்கியிருந்தது. "கீழ இருந்து தூக்கியாற தண்ணிய இதுல ஊத்துறதா, சோறு ஆக்குறதா, நீங்களே சொல்லுங்க சார்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மருத்துவர் 400 மில்லிகிராம் அல்பெண்டசோலும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து அவருடைய மாதிரியில் மறுபடியும் முட்டைகள் தென்பட்டன. மாத்திரை பலிக்கவில்லை என்று குறித்துவிடலாம் என்றார் உடன் வந்தவர். நான் அப்படி எழுதவில்லை. குடலில் இருக்கும் புழுவைத்தான் மாத்திரை வெளியேற்றும், கொல்லை மண்ணில் நெளிவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. படிவத்தில் முட்டைகளின் எண்ணிக்கைக்கு மட்டுமே கட்டம் இருந்தது. எண்ணிக்கையை நிரப்பிவிட்டு, ஓரத்தில் பேனாவால், "வீட்டில் தண்ணீர்க் குழாய் இல்லை" என்று எழுதினேன்.