இன்ச் டேப்பும் இடது முட்டியும்

10 ஆகஸ்ட் 2024, சனி

சாயங்காலம் ஐந்தரைக்கு மகளின் ஜிம்னாஸ்டிக்ஸ் மாஸ்டரிடமிருந்து போன். "அக்கா, பாப்பா வால்ட்ல இறங்கும்போது கால் பிசகிருச்சு. பதறாம வாங்க" என்றார். ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மிஷினை அப்படியே விட்டுவிட்டு மதுரை செல்லூரிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடினேன்.

மெத்தை விரிப்பில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "டொப்னு ஒரு சத்தம்மா. எனக்குள்ள இருந்து கேட்டுச்சு" என்றாள், திரும்பத் திரும்ப. வால்ட் என்றால் ஓடிவந்து மேசையில் கை ஊன்றிப் பறந்து, உடம்பைத் திருப்பி இறங்க வேண்டும். திருப்பம் முழுசாக முடிவதற்குள் பாதம் தரையைத் தொட்டுவிட்டது. பாதம் நின்றுவிட்டது, உடம்பு நிற்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது முட்டி.

வீடு வந்து சேர்வதற்குள் முட்டிச் சில்லு இருந்த இடமே தெரியாமல் வீங்கிவிட்டது. போன திங்கட்கிழமைதான் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேசில் பெண் ரெபேகா ஆன்ட்ராடி தங்கம் வாங்கியதைப் போனில் பார்த்துவிட்டுத் துள்ளிக்கொண்டிருந்தாள்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. "எலும்பு நல்லாருக்கு, சுளுக்குத்தான்" என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர் ஒருவர் சொன்னபடி கட்டுப் போடுகிற இடத்துக்குக் கூட்டிப் போனோம். எண்ணெய் விட்டு நீவி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்கள். நீவும்போது அவள் என் கையைப் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது.

24 ஆகஸ்ட், சனி

கட்டை நேற்றுப் பிரித்தார்கள். வீக்கம் வற்றியிருந்தது, நடந்தாள். இன்று மாடிப்படியில் இறங்கும்போது முட்டி விலகி உட்கார்ந்துவிட்டாள். "கால் என்கிட்ட இல்லாத மாதிரி இருக்கும்மா." இரண்டு வாரம் போய்விட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும், ஜவ்வு தெரியாது என்பதை அன்றைக்கே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதைப் படிக்கிற பெற்றோருக்குச் சொல்கிறேன். முட்டிக்குள் சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வீங்கினால், "முறிவு இல்லை" என்ற பேச்சோடு திரும்பி வராதீர்கள். நீவ விடாதீர்கள்.

30 ஆகஸ்ட், வெள்ளி

எம்.ஆர்.ஐ. பார்த்தாயிற்று. ஏ.சி.எல். (முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் நார்) முழுசாக அறுந்திருக்கிறது, உள்பக்க மெனிஸ்கஸ் (அந்த எலும்புகளுக்கு நடுவில் திண்டு மாதிரி இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்திருக்கிறது.

படத்தைப் பார்க்கும் முன்னாலேயே டாக்டர் கையால் கண்டுபிடித்துவிட்டார். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுத்தார். வலது கால் ஓர் இடத்தில் டக்கென்று நின்றது. இடது கால் நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தது. இருபது வருஷமாகத் துணி இழுத்துப் பார்த்த கை எனக்கு. நூல் விட்டுப்போன தையலை இழுத்தால் எப்படி வரும் என்று தெரியும். அப்படி வந்தது.

"அறுந்ததைச் சேர்த்துத் தைக்க முடியாதா சார்?" என்று கேட்டேன். இந்த நார் மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் கிடக்கிறது, அறுந்த முனைகள் ரத்தம் உறைந்து ஒன்றோடொன்று ஒட்டுவது கடினம், அதனால் வேறு இடத்து நாரை எடுத்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார். பதினாறு வயது என்பதால் எலும்பு வளரும் பகுதி மூடிவிட்டதா என்றும் பார்த்தார். கிட்டத்தட்ட மூடிவிட்டது, அதனால் புது நாரைப் பொருத்த எலும்பில் துளை போடலாமாம்.

ஆபரேஷன் உடனே கிடையாது. வீக்கம் வற்ற வேண்டும், முட்டி முழுசாக நீள வேண்டும். விறைத்த முட்டியில் கத்தி வைத்தால் விறைத்தபடியே நின்றுவிடும் என்றார். மூன்று வாரம் பயிற்சி.

அத்தை ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி மட்டும் "பொட்டப்பிள்ளைக்கு எதுக்குத்தா இந்தக் குட்டிக்கரணம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவள் ஏழு வயதில் தொடங்கியது இது.

24 செப்டம்பர், செவ்வாய்

நேற்று ஆபரேஷன் முடிந்தது. பின்தொடையிலிருந்து நாரை எடுத்து, நாலாக மடித்து, 8 மில்லிமீட்டர் கனத்தில் உள்ளே பொருத்தியிருக்கிறார்கள். மெனிஸ்கஸுக்கு இரண்டு தையல். அதனால் ஆறு வாரத்துக்கு ஊன்றுகோல், முழு எடையை வைக்கக் கூடாது, 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "மாஸ்டர் போன் பண்ணாரா?"

27 செப்டம்பர், வெள்ளி

குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியைக் கீழே அழுத்தச் சொன்னார் பிசியோ அக்கா. பார்க்க ஒன்றுமே இல்லாத வேலை. கம்பியில் மூச்சு வாங்காமல் பதினைந்து முறை தன்னைத் தூக்குகிற பிள்ளைக்கு அது வரவில்லை. முகம் சிவக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, தொடை மட்டும் தூங்குகிறது. முட்டி வீங்கியிருந்தால் மூளையே முன்தொடைத் தசையை அடக்கி வைத்துவிடுமாம். பலம் போய்விடவில்லை, கட்டளைதான் போய்ச் சேரவில்லை.

"கண்ணால பாரு, கையால தொடு, அப்புறம் அழுத்து" என்றார் அக்கா. பத்து நிமிஷம் போயிருக்கும். முட்டிச் சில்லுக்கு மேலே, உள்பக்கமாக, தோலுக்கடியில் மீன் துள்ளின மாதிரி ஒரு அசைவு. நின்றது. மறுபடி ஒன்று. "அம்மா, பாத்தியா?" என்றாள். பார்த்தேன்.

மடக்குவது தானாக வரும், நீட்டுவதுதான் முக்கியம், அதைத் தொலைத்தால் ஆயுசுக்கும் நொண்டல் என்றார். முட்டிக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாதாம். எவ்வளவு இதமாக இருந்தாலும் கூடாது. அத்தை பாசத்தில் வைத்திருந்ததை எடுத்துவிட்டேன்.

8 அக்டோபர், செவ்வாய்

இந்திய ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகர் நேற்று ஓய்வு அறிவித்துவிட்டார். பாப்பா வெகுநேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். 2016 ரியோவில் வால்ட் பைனலில் 15.066 எடுத்து, 0.15-ல் வெண்கலத்தைத் தவறவிட்டவர். 2017-ல் முட்டிக்கு ஆபரேஷன். 2018 ஜூலையில் துருக்கி மெர்சினில் தங்கம். ரியோவில் அந்த வெண்கலத்தை வாங்கிய சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்குரூபருக்கும் 2018-ல் ஏ.சி.எல். அறுந்தது. அவரும் திரும்பி வந்தார். ரெபேகாவுக்கு வலது முட்டி ஒன்றிலேயே மூன்று ஆபரேஷன், அதற்குப் பிறகுதான் ஒலிம்பிக் தங்கமெல்லாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னதே அவள்தான். இன்று நான் திரும்ப அவளுக்குச் சொன்னேன்.

10 நவம்பர், ஞாயிறு

இன்று அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். வலியே இல்லை என்று வாசலில் தங்கையோடு நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். ஊன்றுகோலை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பிசியோ அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு இது புதுசு. உள்ளே வைத்த நார் முதலில் உயிர் இழக்கும். பிறகு மெல்லப் புது ரத்தக்குழாய் ஓடி, புது செல்கள் குடியேறி, அது ஏ.சி.எல்.லாக மாறும். இந்த மாற்றத்தின் நடுவில், ஏறக்குறைய ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, அது வைத்த அன்றைக்கு இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். வலியும் வீக்கமும் குறைந்து பிள்ளைக்குத் தைரியம் வருவதும் இதே நேரத்தில்தான்.

டேப்பை எடுத்தேன். முட்டிச் சில்லுக்கு மேல் 6 இன்ச்சில் சோப்புக்கட்டியால் குறி போட்டு அளந்தேன். வலது 18½, இடது 16¾. அளவு நோட்டில் வாடிக்கையாளர் பெயர்களுக்கு நடுவில் அவள் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். இனி மாதம் ஒரு முறை. "ஒன்னே முக்கால் இன்ச் கம்மியா?" என்று அவளே நோட்டை வாங்கிப் பார்த்தாள். அதற்கு மேல் நான் திட்ட வேண்டியிருக்கவில்லை.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். டிவியில் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு. வீட்டில் எல்லோரும் மாட்டைப் பார்த்தார்கள். அவள் மாடுபிடிக்கிறவர்களின் காலைப் பார்த்தாள். திமிலை விட்டுவிட்டு ஒற்றைக் காலில் விழுந்த ஒருவரைக் காட்டி, "அந்த அண்ணனுக்கு முட்டி உள்ளுக்கு மடங்குது பாரும்மா, எனக்கும் அப்படித்தான் போச்சு" என்றாள்.

இடது 17½. பயிற்சிக் கூடத்துக்குப் போக அனுமதி கிடைத்துவிட்டது, கம்பி மட்டும். மாஸ்டர் தூக்கி ஏற்றிவிடுகிறார், தூக்கியே இறக்கிவிடுகிறார். பஞ்சுக் குழியில்கூடக் குதிக்க விடவில்லை. மெத்தென்று இருந்தாலும் கால் புதைந்து திருகிக்கொள்ளும் என்கிறார். அத்தை வாரம் இரண்டு முறை உளுந்தங்களி கிண்டுகிறார், கேட்காமலே.

23 பிப்ரவரி, ஞாயிறு

இன்று முதல் முறையாகக் குதித்து இறங்க அனுமதி. பெட்டியின் உயரம் ஒரு அடி. ஒண்ணே கால் மீட்டர் மேசைக்கு மேல் பறந்தவள் அந்தப் பெட்டிமேல் பத்து நிமிஷம் நின்றாள். உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்தச் சத்தம் இன்னும் கனவில் கேட்கிறது என்று போன வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

இறங்கினாள். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். "தட்-தட்." வலது கால் முதலில், இடது பின்னால். நல்ல கால் போய் அடியை வாங்கிக்கொள்கிறது. இருபது முறை இறங்கினாள், இருபதும் இரண்டு சத்தம்.

பக்கத்தில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் பல்டி கற்றுக்கொண்டிருந்தார்கள். பறப்பதற்குக் கைதட்டுகிறோம். இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும், முக்கியமாக முட்டி உள்ளுக்கு மடங்கும் பழக்கம் அதிகமுள்ள பெண் பிள்ளைகளுக்கு, பறக்கும் முன்னால் மாதக்கணக்கில் இறங்கச் சொல்லித்தர வேண்டும். மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் அன்றே அந்தச் சின்னப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தினார்.

29 மார்ச், சனி

டேப் 18¼ காட்டியது. சந்தோஷமாகப் போனோம். ஒற்றைக் காலில் தாண்டும் சோதனையில் இடது கால் வலதில் 81 சதவீதம்தான். குறைந்தது 90 வர வேண்டும். "டேப் சுற்றளவைத்தான் சொல்லும், பலத்தைச் சொல்லாது" என்றார் பிசியோ அக்கா. ஆறு மாசத்தில் நல்ல காலும் இளைத்திருக்கும், அதனால் 90 வந்தாலும் ஏமாறக் கூடாது, ஒன்பது மாதத்துக்கு முன் வால்ட் பேச்சே வேண்டாம் என்றார். மே மாதப் போட்டி போயிற்று. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் அழுதேன், அவளுக்குத் தெரியாமல்.

12 மே, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். நாங்கள் மொட்டைமாடியிலிருந்து கும்பிட்டுக்கொண்டோம். அந்த நெரிசலில் யாராவது பக்கவாட்டில் இடித்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு எனக்கு. அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

22 ஜூன், ஞாயிறு

நாளையோடு ஒன்பது மாதம். நேற்றுச் சோதனையில் 94. வலி இல்லை, வீக்கம் இல்லை. விளக்குத்தூண் பக்கம் வாங்கி வைத்திருந்த லைக்ராவில் புது லியோடார்ட் தைத்துக் கொடுத்தேன். தொடைச் சுற்று இரண்டு பக்கமும் 18½.

வால்ட் இன்னும் இல்லை. பீம் என்கிற நடைக்கட்டையின் உயரத்திலிருந்து, நேராக, திருப்பம் இல்லாமல் இறங்குவது மட்டும். நான் வாசல் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், பார்க்கத் தைரியம் இல்லை. கேட்டேன்.

"தட்."

மாஸ்டர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "இன்னொன்னு, கண்ணு" என்றார். அவள் ஏறப் போனாள்.