ஒரு வகுப்பில் எத்தனை பேர் இருக்கலாம்?

பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கட்டுரை எழுதப் பயிற்றுவிக்கும் பாடமொன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். தொடக்கத்தில் அதன் உச்சவரம்பு 25. பிறகு ஒரு பருவத்தில் அது 32 ஆயிற்று. காத்திருப்புப் பட்டியல் நீண்டுவிட்டது என்று அடுத்த ஆண்டே 40 ஆக்கினார்கள். அறையில் எத்தனை இருக்கைகள் உள்ளன என்பது மட்டுமே இரண்டு முறையும் காரணமாகக் காட்டப்பட்டது. இருக்கைகள் இருந்தது உண்மைதான்.

போதாமற்போனது திருத்தும் நேரம். ஒரு வரைவைக் கவனமாகப் படித்து, எந்தப் பத்தியில் வாதம் வழுக்குகிறது, எங்கே சான்று இல்லாமல் முடிவு சொல்லப்பட்டிருக்கிறது என்று ஓரத்தில் குறித்துக் கொடுக்க எனக்கு 20 நிமிடமாவது வேண்டும். பருவத்துக்கு மூன்று கட்டுரைகள், ஒவ்வொன்றையும் முதல் வரைவாக ஒரு முறை, இறுதி வடிவமாக ஒரு முறை படிப்பது என்றால், 25 பேருக்கு 50 மணி நேரம் ஆகும். 40 பேருக்கு 80 மணி நேரம். கூடுதலான அந்த 30 மணி நேரத்தை யாரும் எனக்கு ஒதுக்கவில்லை. நானும் வாய்திறந்து கேட்கவில்லை. சத்தமில்லாமல் முதல் வரைவை எடுத்துவிட்டேன். பாடத்தின் பெயரோ, குறியீடோ, கிரெடிட் எண்ணிக்கையோ மாறவில்லை. ஆனால் எழுதியதைத் திருத்தி மறுபடி எழுதக் கற்றுத்தந்த பாடம், எழுதி ஒப்படைத்து மதிப்பெண் வாங்கும் பாடமாகிவிட்டது. மாணவர்களில் எவரும் குறை சொல்லவில்லை. முன்பு எப்படி இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாதே!

ஆகவே உச்சவரம்பை முடிவு செய்யும்போது, அந்தப் பாடத்தில் எது முதலில் நெருக்கடிக்கு உள்ளாகும் என்றுதான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கேள்வி பதில் இல்லாத விரிவுரையில் 150 பேர் இருந்தால் என்ன, 300 பேர் இருந்தால் என்ன, பெரிய வேறுபாடு இல்லை. அத்தகைய பாடத்துக்குச் சிறிய வரம்பு கேட்பது வீண் பிடிவாதம். வேதியியல் ஆய்வகத்தில் மேசைகளின் எண்ணிக்கையும், அமிலத்தைக் கையாளும் புதியவர்கள் எத்தனை பேரை ஒருவரால் ஒரே நேரத்தில் கண்காணிக்க முடியும் என்பதும் வரம்பை முடிவு செய்கின்றன. கலந்துரையாடல் வகுப்பில் பேசும் நேரம்தான் கணக்கு: 100 நிமிட வகுப்பில் 25 பேர் இருந்தால், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஆளுக்கு நான்கு நிமிடம்தான் கிடைக்கும். எழுத்துப் பயிற்சிக்கோ, அமெரிக்கக் கல்லூரிகளில் அதைக் கற்பிப்போரின் அமைப்பு 20 பேருக்கு மேல் கூடாது என்றும், 15 பேரே உகந்தது என்றும் பரிந்துரைக்கிறது. அந்த 20-ஐப் பார்த்தபோது என் 40-ஐ நினைத்துக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

இந்த விவாதத்தை மிகவும் குழப்புவது 'சராசரி வகுப்பு அளவு' என்ற எண். ஒரு துறையில் 20 பேர் கொண்ட வகுப்புகள் ஒன்பதும், 200 பேர் கொண்ட வகுப்பு ஒன்றும் நடப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 380 இடங்கள், பத்து வகுப்புகள், சராசரி 38. துறைத்தலைவர் மனநிறைவோடு அறிக்கையில் இதை எழுதிவிடுவார். ஆனால் அந்த 380 இடங்களில் 200, பெரிய வகுப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு இடத்திலும் அமர்ந்திருப்பவரிடம் 'உங்கள் வகுப்பில் எத்தனை பேர்?' என்று கேட்டு விடைகளின் சராசரியை எடுத்தால், ஏறத்தாழ 115 வரும். இரண்டு எண்களும் பொய்யல்ல. ஒன்று வகுப்புகளை எண்ணுகிறது, மற்றொன்று மாணவர்களை எண்ணுகிறது. சமூக அறிவியல் ஆய்வாளர்களான ஸ்காட் ஃபெல்ட், பெர்னார்ட் க்ரோஃப்மன் ஆகியோர் 1977-இல் இந்த முரணை எடுத்துக்காட்டி எழுதினார்கள். ஆயினும் நான் அமர்ந்த குழுக் கூட்டங்களில் முதல் எண் மட்டுமே மேசைக்கு வந்திருக்கிறது.

எண்ணைக் காட்டி நற்பெயர் வாங்கலாம் என்றால், எண்ணுக்கேற்ப வரம்பும் வளையும். அமெரிக்காவில் யூஎஸ் நியூஸ் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கல்லூரித் தரவரிசை, 20 பேருக்கும் குறைவான வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் மதிப்பளித்து வந்தது. 2023-இல்தான் வகுப்பு அளவு என்ற அளவுகோலை நீக்கியது. அத்தகைய அளவுகோல் இருக்கும் இடத்தில் ஒரு பாடத்தின் வரம்பு 19 என்று இருந்தால், அந்த 19 கற்பித்தலிலிருந்து வந்ததா, படிவத்திலிருந்து வந்ததா என்ற ஐயம் எழத்தான் செய்யும்.

வரம்பைத் தாழ்த்துவதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. கட்டாயப் பாடத்தில் 25 பேரோடு கதவை மூடிவிட்டு இரண்டாவது பிரிவு திறக்காமல் இருந்தால், வெளியே நிற்பவரின் பட்டம் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். 12-ஆம் நூற்றாண்டிலேயே யூத அறிஞர் மைமோனிடிஸ், சிறுவர்களுக்குக் கற்பிப்பது பற்றி எழுதும்போது, ஓர் ஆசிரியருக்கு 25 பேர், அதற்கு மேல் 40 வரை ஓர் உதவியாளரோடு, 40-ஐத் தாண்டினால் இரண்டு ஆசிரியர்கள் என்று விதித்தார். 41-ஆவது ஆள் வந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்த விதியிலேயே விடை இருக்கிறது. எங்கள் விதியில் இன்னொரு நாற்காலி போடுவதுதான் விடை.

அடுத்த பருவத்துக்கான வரம்புகளை உறுதி செய்யும் கூட்டத்துக்குப் படிவம் வந்திருக்கிறது. எண்ணை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், 'இந்த எண் உயர்ந்தால் பாடத்தில் எது கைவிடப்படும்?' என்று கேட்கும் இன்னொரு கட்டத்தைச் சேர்க்க வேண்டும் என்று முன்மொழியப் போகிறேன். ஏற்பார்களா என்பது ஐயமே. என் பாடத்துக்கு மட்டும் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்துவிட்டேன்: 25 வரை ஆறு முறை திருத்தம், 40 என்றால் மூன்று முறை, முதல் வரைவு கிடையாது.