காசநோய் வழிகாட்டு நெறிமுறைகளும் கிராமச் செவிலியரின் அன்றாடமும்

எங்கள் கிராமப்புறச் சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பராமரிப்புக்கான வழிகாட்டு நெறிமுறைகளை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு செவிலியர்களிடம் வந்தபோது, அவற்றில் மிகக் குறைவாகச் சிரமம் தந்தது மருந்துத் திட்டம்தான். முதல் 2 மாதங்கள் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதங்கள் இரண்டு மருந்துகள்; கூட்டு மாத்திரைகளாக வருவதால், உடல் எடையைப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்தால் போதும்.

எந்தக் காரணத்துக்காக வந்தவரிடமும் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் வியர்வை ஆகிய நான்கையும் கேட்பது கூட்டமான நாட்களில் விட்டுப்போகும் என்பதால், அந்தக் கேள்விகளைச் சீட்டுப் பதியும் மேசைக்கே மாற்றினோம். இருமுபவரைக் காற்றோட்டமான இடத்தில் அமர்த்தி முதலில் பார்த்து அனுப்பியதற்கு, வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். சளி மாதிரி எடுப்பதற்கும் பொறுமை வேண்டும். வாயைக் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கச் சொல்லிக் காட்டாவிட்டால் குப்பியில் எச்சில்தான் வரும். கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறு பரிசோதனைக் கருவி, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படாமல் இருக்கிறதா என்பதையும் சேர்த்து ஏறத்தாழ 2 மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் மாதிரி அந்தக் கருவியைச் சென்றடையும் நேரம் எந்த நெறிமுறையின் கையிலும் இல்லை.

சிகிச்சையின் முதல் நாள் உரையாடலுக்கு நாங்கள் அதிக நேரம் ஒதுக்கினோம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று முன்பே சொல்லாவிட்டால், இரத்தம் போகிறதென்று பயந்து சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சில வாரங்களில் இருமல் அடங்கிப் பசி திரும்பும்போது இன்னும் சிலர் நிறுத்துகிறார்கள். ஆகவே நடுவில் நிறுத்தவே கூடாது என்று வற்புறுத்துகிறோம். அதே மூச்சில், கண் மஞ்சளானாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, பார்வை மங்கினாலோ மாத்திரை போடாமல் உடனே வர வேண்டும் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இரண்டும் ஒருவர் மனத்தில் குழம்பாமல் பதிவது எளிதன்று. அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே அனுப்புகிறோம்.

மாத்திரை விழுங்குவதை யாராவது உடனிருந்து கவனிக்கும் முறையில், நோயாளியை நிலையத்துக்கு வரவழைப்பதைவிட அவர் வீட்டிலோ ஊரிலோ அதைச் செய்வதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு நெறிமுறையில் பரிந்துரைத்தது. கூலி வேலையை விட்டுவிட்டு ஒருவர் தினமும் நடந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. யார் உடனிருப்பது என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டோம்.

உண்மையான போராட்டம் நோயாளியோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கான தடுப்புச் சிகிச்சையில்தான். நோய் இல்லையென்று உறுதிசெய்த பிறகு, குறிப்பாக 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைத் தொடங்க வேண்டும் என்று நெறிமுறை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஓடியாடும் குழந்தைக்கு எதற்கு மாதக்கணக்கில் மாத்திரை என்று கேட்கும் பாட்டிக்கு அந்த ஒரு வரி போதாது. உடலில் உறங்கும் கிருமி சிறு குழந்தைகளில் விரைவாகவும் கடுமையாகவும் நோயாக மாறக்கூடும் என்பதை, அவசரம் காட்டாமல், பலமுறை விளக்க வேண்டியிருந்தது. வீடு தேடிப் போனால் அக்கம்பக்கத்தாருக்கு நோய் தெரிந்துவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. எனவே நாங்கள் வருவதா, அவர்கள் வருவதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். வீட்டில் வசிப்போரின் பெயர்களை நோயாளியின் சிகிச்சை அட்டையோடு இணைத்து வைத்ததால், அவர் மருந்து வாங்க வரும் ஒவ்வொரு முறையும் வீட்டுக் குழந்தையின் மாத்திரையைப் பற்றியும் விசாரிக்க முடிகிறது.